உடையும் உடை விதிகளும்: சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சமூக மன்ற விழாக்கள், திருமண வரவேற்புகள், கோவில் நிகழ்ச்சிகள் ஆகியவற்றின் ஏற்பாட்டில் பங்கெடுத்துவரும் எவரிடமும் "என்ன உடுத்திக்கொண்டு வரவேண்டும்?" என்ற கேள்வி தவறாமல் வந்து சேரும். அதன் பின்னாலேயே "இதெல்லாம் இன்னும் தேவைதானா?" என்ற கேள்வியும் வரும். என்னிடம் பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகின்றவற்றுக்கு இங்கே விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

நன்றாக உடுத்திச் செல்வதும் உடை விதிகளும் சமூக நெறிகள் என்ற வகையில் இன்றும் முக்கியமானவையா?

முக்கியமானவைதான் என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் தம் மகளின் திருமணத்துக்கு அழைத்திருக்கும்போது நாம் துவைத்து, இஸ்திரி போட்ட உடையில் போய் நிற்கிறோம் என்றால், அந்த நாள் அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை நாமும் உணர்ந்திருக்கிறோம் என்று வாய்திறக்காமலே சொல்லிவிடுகிறோம். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று நம் பெரியவர்கள் சொன்னதில் துணியின் விலையைப் பற்றிய பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எடுத்துக்கொள்ளும் அக்கறையைப் பற்றித்தான் அவர்கள் பேசினார்கள்.

அதே வேளையில், உடுத்தி வருபவருக்கு இருக்கும் கடமையைவிட, உடை விதியை வகுப்பவருக்கு இருக்கும் கடமை பெரியது. விதிக்குச் சொல்லக்கூடிய காரணம் ஒன்று இருக்க வேண்டும். அதை வாசலில் வைத்துச் சொல்லாமல் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். கையில் காசில்லாதவரும் அதைப் பின்பற்ற இயல வேண்டும். இவை இல்லாத விதி மரியாதையை வளர்ப்பதற்குப் பதிலாக ஆட்களைத் தரம் பிரிக்கத் தொடங்கிவிடுகிறது. கீழே உள்ள பதில்கள் அனைத்தும் இந்த நிலைப்பாட்டிலிருந்து எழுதப்பட்டவை.

"ஆள் பாதி, ஆடை பாதி" என்கிறார்களே, உடையை வைத்து ஒருவரை எடைபோடுவது நியாயமா?

நியாயமில்லை. ஆனால் மனிதர்கள் அப்படித்தான் எடைபோடுகிறார்கள் என்பதும் உண்மை. முன்பின் தெரியாத ஒருவரைப் பார்க்கும்போது அவருடைய குணமோ அறிவோ கண்ணுக்குத் தெரிவதில்லை. சட்டையும் செருப்பும்தான் தெரிகின்றன.

இதன் வலியை இந்த ஊரில் மிகக் கூர்மையாக உணர்பவர்கள் நம் வெளிநாட்டு ஊழியர்கள். வார நாள்களில் சிமெண்டுத் தூசி படிந்த காலணியோடும் பளிச்சிடும் பாதுகாப்பு மேலங்கியோடும் லாரியின் பின்புறத்தில் அமர்ந்து போகும் அதே இளையர், ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் நடந்து வரும்போது பாருங்கள். கையின் மடிப்பு கத்திபோல் நிற்கும் சட்டை, வாரிவிட்ட தலை, துடைத்த காலணி. அறையைப் பலரோடு பகிர்ந்துகொண்டு, இஸ்திரிப் பெட்டிக்கு வரிசையில் காத்திருந்து அவர் அப்படி வருகிறார். வாரம் முழுவதும் தன்னை "ஊழியர்" என்று மட்டுமே பார்த்த ஊர் ஒரு நாளாவது தன்னை மனிதராகப் பார்க்க வேண்டும் என்பதற்காக அந்தச் சட்டையை அவர் அணிகிறார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். உடை வெறும் புறத்தோற்றம் என்று சொல்பவர்கள் அவர் பக்கத்தில் நின்று ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதே ஊழியர் புதன்கிழமை வேலை உடையோடு வங்கியிலோ மருந்தகத்திலோ நுழையும்போது நாம் ஒதுங்கி நின்றால், பிழை நம்முடையது. உழைப்பின் உடை எந்த இடத்திலும் குறைவான உடை ஆகாது.

உடை விதி என்றாலே சிலர் கொதிப்படைகிறார்களே, ஏன்?

அதற்கு வரலாற்றில் ஆழமான காரணம் உண்டு. உடையைக் கொண்டு மேல் கீழ் என்று பிரித்த வழக்கம் நம் மண்ணில் நெடுங்காலம் இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் உள்ளடங்கிய தென் திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவதே தடைசெய்யப்பட்டிருந்தது. அந்த உரிமைக்காக அவர்கள் பல பத்தாண்டுகள் அடியும் உதையும் பட்டுப் போராடினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று அறியப்படும் அந்தப் போராட்டத்தின் விளைவாக 1859இல்தான் மன்னரின் அறிவிப்பு வெளிவந்தது. அந்த அறிவிப்பும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் அதே பாணியில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஒரு துண்டுத் துணிக்காக ஒரு சமூகம் அவ்வளவு காலம் போராட வேண்டியிருந்தது என்றால், உடை விதி என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்கு நெஞ்சு எரிவதில் வியப்பில்லை.

அண்மைக் காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி உடுத்திச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், மன்றத்தின் உடை விதியைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டார். வெள்ளைக்காரர் காலத்து வழக்கத்தைத் தமிழ்நாட்டின் தலைநகரிலேயே தமிழரின் உடைக்கு எதிராகப் பயன்படுத்தியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. வேட்டி உடுத்தியவரை அந்த ஒரே காரணத்துக்காகத் தடுக்கும் மன்றத்தின் உரிமம் ரத்தாகலாம்; பொறுப்பானவருக்கு ஓராண்டுவரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

இவ்விரு நிகழ்வுகளிலும் விதியின் நோக்கம் ஒன்றுதான்: சிலரை வெளியே நிறுத்துவது. விழாவின் மதிப்பைக் காப்பதற்காக வைக்கப்படும் விதியையும் ஆளைத் தடுப்பதற்காக வைக்கப்படும் விதியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சிங்கப்பூரில் உடையைப் பற்றிச் சட்டம் ஏதும் உண்டா?

மிகக் குறைவு. பொது இடத்திலோ வெளியிலிருந்து பார்வைக்குப் படும்படி தம் வீட்டிலோ உடையின்றி இருப்பது சிறு குற்றங்கள் குறித்த சட்டத்தின்படி குற்றமாகும். 2,000 வெள்ளிவரை அபராதமோ மூன்று மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பொது ஒழுக்கத்துக்கு ஊறு விளைவிக்கும் விதத்தில் உடுத்தியிருப்பதும் அதே பிரிவில் அடங்கும். இதற்கு மேல் இன்ன இடத்துக்கு இன்ன உடை என்று அரசாங்கம் சொல்வதில்லை. பெரும்பாலானவை அந்தந்த இடத்தின் வழக்கமும் நிறுவனத்தின் விதியுமே.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970களில் ஆண்கள் நீளமுடி வளர்ப்பதற்கு எதிராக அரசாங்கம் பெரிய இயக்கமே நடத்தியது. புருவத்தைத் தொடும் முடி, காதை மறைக்கும் முடி, சட்டைக் காலருக்குக் கீழே இறங்கும் முடி ஆகியவை படம் போட்டு விளக்கப்பட்டு, அப்படி வருபவர்களுக்குக் கடைசியாகத்தான் சேவை வழங்கப்படும் என்ற சுவரொட்டிகள் அரசாங்க அலுவலகங்களில் ஒட்டப்பட்டன. லெட் ஸெப்பலின் இசைக்குழுவின் 1972ஆம் ஆண்டுக் கச்சேரி நடைபெறாமல் போனதும் இந்த முடி விவகாரத்தால்தான். அன்று நாட்டுக்கே ஆபத்து என்று கருதப்பட்ட தலைமுடியை இன்று யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒரு தலைமுறையின் கட்டாயம் அடுத்த தலைமுறைக்குப் பொருளற்றதாகிவிடக்கூடும் என்பதால், விதி வகுக்கும் ஒவ்வொருவரும் தங்கள் விதியை அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

கோவிலுக்கு என்ன உடுத்த வேண்டும்?

தோளும் முழங்காலும் மறையும் தூய்மையான உடை எதுவானாலும் பொதுவாகப் போதும். புடவை, சுடிதார், பாவாடை தாவணி, வேட்டி, முழுக்கால்சட்டை எல்லாமே ஏற்கத்தக்கவைதான். அரைக்கால் சட்டை, கையில்லாத மேற்சட்டை, உடலோடு ஒட்டிய உடற்பயிற்சி உடை ஆகியவற்றைத் தவிர்க்கலாம். தீமிதிக்கு நேர்ந்துகொண்டவர்களும் காவடி எடுப்பவர்களும் மஞ்சள் உடுத்துவது விரதத்தின் ஒரு பகுதி. பார்க்க வருபவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

தமிழ்நாட்டுக் கோவில்களின் வழக்கம் ஊருக்கு ஊர் வேறுபடும். திருச்செந்தூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சன்னிதிக்குள் போக முடியும். தமிழகக் கோவில்கள் அனைத்துக்கும் ஒரே உடை விதி என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தனி நீதிபதி பிறப்பித்த உத்தரவு 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தாலும், அது மேல்முறையீட்டில் நிலைக்கவில்லை. எல்லா இடத்துக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்க முடியாது.

ஒரு வேண்டுகோள். தேக்காவில் காய்கறி வாங்க வந்தவர், கோபுரத்தைப் பார்த்ததும் இரண்டு நிமிடம் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அரைக்கால் சட்டையோடு வாசலுக்கு வருவது இங்கே அன்றாடம் நடப்பது. அவரை முறைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவதைவிட, இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு துண்டைக் கொடுப்பது எவ்வளவோ மேல். சுல்தான் பள்ளிவாசலில் வருகையாளர்களுக்கு மேலங்கி கொடுத்து உள்ளே அனுமதிக்கிறார்கள். விதியையும் காத்து, வந்தவரையும் வரவேற்கும் அந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அழைப்பிதழில் "ஸ்மார்ட் கேஷுவல்" என்று போட்டிருந்தால் என்ன பொருள்?

ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, நீளக் கால்சட்டை, மூடிய காலணி. பெண்களுக்குச் சுடிதார், எளிய புடவை, முழங்காலைத் தொடும் கவுன் என்று எடுத்துக்கொள்ளலாம். டெனிம் கூடுமா கூடாதா என்பது இடத்துக்கு இடம் மாறும். ஐயமிருந்தால் அழைத்தவரிடமே கேட்டுவிடுங்கள். கேட்பதில் குறைவேதும் இல்லை.

திருமணத்துக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பட்டு வேண்டுமா? மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?

வேண்டியதில்லை. இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் குடும்பங்களில் உடை பற்றிய மனச்சுமை மிகுதியாகக் குவிவது இங்கேதான்.

சிங்கப்பூரில் ஒரு தமிழ்த் திருமணம் பெரும்பாலும் இரண்டு வேளைகளாக நடக்கிறது. காலையில் கோவில் மண்டபத்தில் முகூர்த்தம். மாலையிலோ வேறொரு நாளிலோ ஹோட்டலில் வரவேற்பு. காலைக்குப் பட்டும் வேட்டியும், மாலைக்கு வேலைப்பாடு மிகுந்த புடவையோ லெஹங்காவோ கோட்டு சூட்டோ என்று நெருங்கிய உறவினர்களுக்கு இரண்டு உடைகள் தேவைப்பட்டுவிடுகின்றன. ஆண்டில் மூன்று திருமணங்கள் வந்துவிட்டால் நடுத்தரக் குடும்பத்துக்கு அது கனமான செலவு. போன திருமணத்தில் உடுத்திய புடவை படங்களில் இருக்கிறது, அதையே மறுபடி உடுத்தினால் பேசுவார்கள் என்ற அச்சம் அந்தச் செலவை இன்னும் ஏற்றிவிடுகிறது.

பட்டுப் புடவை பலமுறை உடுத்துவதற்காகவே நெய்யப்பட்டது. தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் ரவிக்கை தைப்பவர்களைக் கவனித்தால் இது புரியும். பக்கத் தையலுக்குள் ஓர் அங்குலத் துணியை மடித்து உள்ளே விட்டுத்தான் தைப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து உடல் பெருத்தால் அந்தத் தையலைப் பிரித்துவிட்டு அதே ரவிக்கையைப் போட்டுக்கொள்ளலாம். மீண்டும் மீண்டும் உடுத்த வேண்டும் என்ற எண்ணம் தையலிலேயே இருக்கிறது. அம்மாவின் கூறைப்புடவையை மகள் தன் தோழியின் திருமணத்துக்கு உடுத்தி வரும்போது அதைவிட அழகான உடை அந்த மண்டபத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுவதில்லை.

மற்றபடி, மணப்பெண்ணை மிஞ்சும்படி அலங்கரித்துக்கொள்ளாமல் இருப்பதும், முகூர்த்த நேரத்தில் முழுக் கறுப்பைத் தவிர்ப்பதும் பெரியவர்களுக்கு மனநிறைவு தரும். இளையர்களுக்குக் கறுப்பு ஒரு நிறம் மட்டுமே என்றாலும், பாட்டிமார்களின் முகம் வாடாமல் இருப்பதற்காக அந்த ஒரு வேளைக்கு விட்டுக்கொடுக்கலாம். வேட்டி கட்டத் தெரியாத இளையர்களுக்கு இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. அதை அணிவதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

சீன, மலாய் நண்பர்களின் நிகழ்ச்சிகளுக்குச் செல்லும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சீனர் வீட்டு இறப்புக்குச் செல்லும்போது சிவப்பையும் பளிச்சென்ற நிறங்களையும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். வெள்ளை, கறுப்பு, சாம்பல், கருநீலம் பொருந்தும். விடைபெறும்போது சிவப்பு நூல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் நலனுக்காகக் கொடுக்கப்படுவது. சீனப் புத்தாண்டுக்கு முதியவர்கள் உள்ள வீட்டுக்குப் போகும்போது இதற்கு நேர்மாறாக, கறுப்பையும் வெள்ளையையும் ஒதுக்கிவிட்டு நல்ல நிறத்தில் உடுத்திச் செல்வது அவர்களை மகிழ்விக்கும்.

மலாய்த் திருமணத்துக்கும் நோன்புப் பெருநாள் விருந்துக்கும் தோளும் காலும் மறையும் உடையே ஏற்றது. வீட்டுக்குள் காலணியைக் கழற்ற வேண்டும் என்பது நமக்கும் பழக்கமானதுதான். மலாய்ப் பெண்களின் பாரம்பரிய உடையான பாஜு கூரோங் அணியலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக அணியலாம். 1964ஆம் ஆண்டு இனக் கலவரத்தை நினைவுகூரும் வகையில் ஜூலை 21ஆம் தேதி பள்ளிகளில் இன நல்லிணக்க நாள் கொண்டாடப்படும்போது, நம் பிள்ளைகள் சியோங்சாமும் அவர்களுடைய சீன நண்பர்கள் ஜிப்பாவும் அணிந்து வருவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். மதிப்போடு அணியும்வரை இன்னோர் இனத்தின் உடை நம்மிடம் அந்நியமாக இருப்பதில்லை. இந்த வட்டாரப் பெண்களின் பாரம்பரிய உடையான கெபாயாவை சிங்கப்பூர், மலேசியா, இந்தோனீசியா, புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் கூட்டாக முன்மொழிந்து, 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்ததும் இதே மனப்பான்மையின் வெளிப்பாடு என்று கருதுகிறேன்.

நம்மவர் வீட்டு இறப்புக்கு?

வெள்ளையோ மங்கிய நிறமோ போதும். நகையையும் வாசனைத் திரவியத்தையும் குறைத்துக்கொள்ளலாம். வேலையிடத்திலிருந்து நேரே மண்டாய் தகனச் சாலைக்கு ஓடிவருபவர் சீருடையோடு வந்தால் அதை யாரும் குறை சொல்லக் கூடாது. உடை மாற்றப் போனால் கடைசி முகம் பார்க்க முடியாமல் போய்விடும். வந்து நிற்பதே அங்கே பெரிது.

வேலை நேர்முகத்துக்கும் அலுவலகத்துக்கும் இந்த வெயிலில் கோட்டும் டையும் அவசியமா?

நேர்முகத்துக்கு நேர்த்தியான நீளக்கைச் சட்டை, கால்சட்டை, மூடிய காலணி பெரும்பாலான துறைகளில் போதும். வங்கி, சட்டம் போன்ற துறைகளில் கோட்டு எதிர்பார்க்கப்படலாம். அந்த நிறுவனத்தில் பணியாற்றுபவர்கள் உடுத்துவதைவிட ஒரு படி கூடுதலாக உடுத்திச் செல்வது பாதுகாப்பான வழி.

நல்ல உடை வேலைத்திறனைக் கூட்டுமா என்றும் கேட்கிறார்கள். மருத்துவரின் வெள்ளை அங்கி என்று சொல்லி அணிவித்தவர்களின் கவனம் கூர்மையடைந்ததாக 2012இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது; ஆனால் அதே சோதனையை வேறு ஆய்வாளர்கள் கூடுதலானவர்களை வைத்துச் செய்து 2019இல் வெளியிட்டபோது அந்த விளைவு தென்படவில்லை. எனவே உடை மூளையைக் கூர்மையாக்கும் என்று முதலாளிகள் ஊழியர்களிடம் வாதிடுவதற்கு உறுதியான அடிப்படை இல்லை.

வெயிலைப் பொறுத்தவரை ஜப்பானிடம் நாம் கற்றுக்கொள்ளலாம். 2005ஆம் ஆண்டுக் கோடையில் அந்நாட்டு அரசாங்கம் அலுவலகக் குளிரூட்டியை 28 பாகை செல்சியசில் வைக்கவும், கோட்டையும் டையையும் தவிர்க்கவும் ஊக்குவித்தது. உடை நெறிகளில் மிகவும் கண்டிப்பான நாடு என்று பெயரெடுத்த ஜப்பானே அப்படி மாற முடிந்தது. ஆண்டு முழுவதும் வெயிலும் புழுக்கமும் உள்ள நம் ஊரில், கோட்டு அணிவதற்காகவே குளிரூட்டியைக் கூட்டி வைத்து, அந்தக் குளிர் தாங்காமல் பெண் ஊழியர்கள் சால்வை போர்த்திக்கொண்டு அமர்ந்திருப்பது சரியான ஏற்பாடாக எனக்குத் தெரியவில்லை.

பொட்டு, தலைத்துணி, தலைப்பாகை போன்றவற்றை வேலையிடத்தில் தடுக்கலாமா?

சுகாதாரமோ பாதுகாப்போ உண்மையிலேயே காரணமாக இருந்தாலன்றித் தடுக்கக் கூடாது என்பது என் கருத்து. இயந்திரத்தில் சிக்கக்கூடிய தொங்கும் துணியைக் கட்டுப்படுத்துவது வேறு; வாடிக்கையாளர் கண்ணுக்கு நன்றாயில்லை என்று பொட்டைத் துடைக்கச் சொல்வது வேறு. நெற்றியில் வைத்த திருநீற்றை முகப்பு மேசையில் அமர்வதற்கு முன் அழிக்கச் சொன்னால், அங்கே அழிக்கப்படுவது சாம்பல் மட்டுமல்ல.

இந்த விஷயத்தில் நாடு நிதானமாக நகர்ந்திருக்கிறது. சீக்கியர்கள் ராணுவத்திலும் காவல்துறையிலும் தலைப்பாகையோடு பணியாற்றி வருகிறார்கள். பொதுச் சுகாதாரத் துறையில் பணிபுரியும் முஸ்லிம் தாதியர் விரும்பினால் சீருடையோடு தலைத்துணி அணியலாம் என்று அன்றைய பிரதமர் லீ சியன் லூங் 2021 ஆகஸ்ட் 29ஆம் தேதி தேசிய தினக் கூட்டத்தில் அறிவித்தார். அந்த மாற்றம் அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பல ஆண்டுகள் நடந்த கலந்துபேச்சின் முடிவு அது. சமயம், இனம், மொழி, பாலினம் முதலியவற்றின் அடிப்படையில் வேலையிடத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தையும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது.

பள்ளிச் சீருடை எல்லாரையும் சமமாக்குகிறதா?

ஓரளவுக்கு. வாடகை வீட்டுப் பிள்ளையும் தனியார் வீட்டுப் பிள்ளையும் ஒரே நிறச் சட்டையில் வரிசையில் நிற்பது மதிப்புக்குரிய ஏற்பாடு. காலையில் என்ன உடுத்துவது என்ற போட்டியும் இல்லை. ஆனால் சமத்துவம் சட்டையோடு நின்றுவிடும். பையிலும் காலணியிலும் கைக்கடிகாரத்திலும் வேறுபாடு தொடரும். சீருடை என்றாலே சமம் என்றும் சொல்லிவிட முடியாது. பியேர் பால்மேன் வடிவமைத்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கெபாயாவில் நீலம், பச்சை, சிவப்பு, செந்நீலம் ஆகிய நான்கு நிறங்களும் பணிப்பெண்களின் நான்கு பதவி நிலைகளைக் காட்டுபவை. ஒரே வெட்டு, ஒரே பூவேலை. ஆனால் யார் மூத்தவர் என்பது பார்த்ததும் தெரிந்துவிடும்.

காரணம் மாறும்போது விதியும் வளைய வேண்டும் என்பதற்குப் பள்ளிகள் நல்ல எடுத்துக்காட்டு. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 பாகை பதிவாகி, 1983ஆம் ஆண்டின் உச்சத்தை எட்டியபோது, பல பள்ளிகள் மாணவர்களை உடற்கல்வி உடையிலேயே வகுப்பில் அமர அனுமதித்தன. ஒழுங்கு ஒன்றும் குலைந்துவிடவில்லை.

உடை நெறிகள் பெண்கள்மீது மட்டும் கூடுதலாகச் சுமத்தப்படுகின்றனவே?

ஆம், இது உண்மை. ஒரே விழாவுக்குப் புறப்படும் அண்ணன் டீ சட்டையில் கிளம்பினால் யாரும் கேட்பதில்லை. தங்கையின் துப்பட்டா ஒருபுறம் நழுவினால் மூன்று பேர் சொல்லிவிடுகிறார்கள். "நம் பண்பாடு" என்ற பொறுப்பு முழுவதையும் பெண்ணின் புடவை முந்தானையில் முடிந்துவிட்டு, ஆண்கள் வசதியான உடைக்கு மாறிவிட்டார்கள். பாரம்பரிய உடை வேண்டும் என்று ஒரு குடும்பம் விரும்பினால், அப்பா முதலில் வேட்டியை எடுத்துக் கட்டட்டும். அதன் பிறகு மகளிடம் பாவாடை தாவணியைப் பற்றிப் பேசட்டும்.

பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். "தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாள், அவருக்குப் பிடிக்கும்" என்பது ஒரு காரணம். "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்பது காரணமாகாது.

எளிமையாகவே உடுத்துவேன் என்பது மரியாதைக் குறைவா?

எளிமையும் அசிரத்தையும் வெவ்வேறு. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரையில் அரையாடைக்கு மாறிய காந்தியடிகள், துணிக்கு வழியற்ற ஏழைகளை எண்ணி எடுத்த முடிவு அது. அவர் உடையைப் பற்றி மிகுதியாக யோசித்தவர்களில் ஒருவர். கசங்கிய சட்டையோடு இன்னொருவர் வீட்டு விழாவுக்குப் போய்விட்டு அதை எளிமை என்று சொல்லிக்கொள்வது அவரோடு ஒப்பிடத்தக்கதன்று.

தவறான உடையில் ஒருவர் வந்துவிட்டால் வரவேற்பில் நிற்பவர் என்ன செய்வது?

முதலில் உள்ளே அழைத்து உட்கார வையுங்கள். எதையும் சொல்ல வேண்டியிருந்தால் அவரோடு ஒத்த வயதுடைய, ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் ஒருவர், தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் சொல்லட்டும். வரவேற்பு மேசைக்கு அடியில் துவைத்த சால்வைகள் சில, ஒட்டிக்கொள்ளும் வேட்டி ஓரிரண்டு, ஊக்கு ஒரு டப்பா இருந்தால் பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும். கடன்வாங்கிய சால்வையைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று யாரையும் துரத்திச் செல்ல வேண்டாம்; விழாச் செலவில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் நிகழ்ச்சிக்கு உடை விதி வைக்க விரும்புகிறோம். அழைப்பிதழில் எப்படி எழுதலாம்?

விதியோடு காரணத்தையும் எழுதுங்கள். எது கட்டாயம், எது விருப்பம் என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். உடை இல்லாதவருக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு வாரங்களுக்கு முன்பாவது தெரிந்தால்தான் மக்களால் தைக்கவோ இரவல் வாங்கவோ முடியும். கோவில் மண்டபத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்கு நாங்கள் எழுதும் வாசகம் இது, விரும்புபவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "நிகழ்ச்சி கோவில் மண்டபத்தில் நடைபெறுவதால் தோளும் முழங்காலும் மறையும் உடையில் வருமாறு கேட்டுக்கொள்கிறோம். தரையில் அமர்வோம், காலணியை வெளியே கழற்ற வேண்டியிருக்கும். பாரம்பரிய உடையில் வந்தால் மகிழ்வோம், ஆனால் அது கட்டாயமில்லை. வேலையிடத்திலிருந்து நேரே வருபவர்கள் வேலை உடையிலேயே வரலாம். சால்வையும் வேட்டியும் வரவேற்பு மேசையில் கிடைக்கும்."